மேரு முல்லை: வராத ஆட்டத்துக்காக இருத்தல் பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியர் அகத்திணைக்குரிய ஐந்து உரிப்பொருள்களையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எந்தத் திணைக்கு எது என்று பங்கு பிரித்தவர்கள் உரையாசிரியர்கள். அவர்கள் பிரித்ததில் முல்லைக்கு வந்தது இருத்தல். போனவன் சொன்ன காலத்தில் வருவான் என்று நம்பி, வீட்டை விட்டு நகராமல், வாசலைப் பார்த்துக்கொண்டிருத்தல். எதற்காக இருத்தல் என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவே இல்லை. தலைவனுக்காகத்தான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். வினைமேற் சென்ற தலைவனைத் தவிர வேறொன்றுக்காக ஒரு தமிழ் உயிர் மூன்று வருடம் தூக்கம் கெட்டுக் காத்திருக்கக்கூடும் என்று இளம்பூரணர் நினைத்துப் பார்த்ததற்குச் சான்று இல்லை. நச்சினார்க்கினியர் யாரும் நினைக்காததையும் நினைப்பவர். அவரும் இதை விட்டுவிட்டார்.

அந்தக் குறையை இக்கட்டுரை நிரப்புகிறது. ஆய்வுக் காலம், 2008 அக்டோபர் 21 முதல் 2011 டிசம்பர் 20 வரை. ஆய்வுக் களம், மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளானைச் சேர்ந்த மேரு. காத்திருக்கப்பட்ட பொருள், ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ என்னும் கணினி ஆட்டம். காத்திருந்தவன் என் அக்காள் மகன். ஆய்வு தொடங்கியபோது அவன் படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்தான். அகத்திணையில் தலைமக்கள் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதியாதலால் அவன் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் அக்காள் சும்மா விடமாட்டாள் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது வலுவானது என்பதை அக்காளைத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

பொருள் இன்னது

கனடாவின் எட்மன்டன் நகரில் 1995இல் மருத்துவம் படித்த சிலர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பயோவேர். டாக்டருக்குப் படித்தவர்கள் ஏன் கேம் செய்யப் போனார்கள் என்று அக்காள் இன்றுவரை கேட்கிறாள். தன் மகனை டாக்டராக்க நினைத்தவள் அவள். அந்த நிறுவனம் 2003இல் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ என்று ஒன்றை வெளியிட்டது. ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடுவது. ஸ்டார் வார்ஸ் படங்களில் நடப்பதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்திய கதை. ஆடுகிறவன் நல்லவனாகவும் போகலாம், கெட்டவனாகவும் போகலாம். கதை அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். அந்தக் கதைக்குத் தொடர்ச்சியாக, உலகெங்கும் இருந்து ஆயிரம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழைந்து ஆடும் ஆட்டம் ஒன்றைச் செய்யப்போவதாக 2008 அக்டோபர் 21 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அறிவித்தார்கள். மேருவில் இருத்தல் அன்று தொடங்கியது.

இதில் என்ன புதுமை என்பார்க்கு உரைப்போம். கூடி ஆடும் ஆட்டங்கள் அதற்கு முன்பும் இருந்தன. 2000களின் முதற்பாதியில் கிள்ளானில் இருந்த ஒவ்வொரு சிசி என்னும் சைபர் கஃபேயிலும், மணிக்கு இரண்டு மூன்று வெள்ளி கொடுத்து, பள்ளிச் சட்டையைக் கால்சட்டைக்கு வெளியே இழுத்துவிட்ட பையன்கள் ராக்னராக் ஆடினார்கள். போரிங் என்றொரு இளஞ்சிவப்புக் கொழகொழப்பு துள்ளித் துள்ளி வரும். அதை அடிக்க வேண்டும். அடித்தால் இன்னொன்று வரும். அதையும் அடிக்க வேண்டும். ஏன் அடிக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவன் வீட்டுக்குப் போய்ப் பாடம் படித்தான். இந்த வகை ஆட்டங்களில் கதை என்பது யாரும் படிக்காமல் சொடுக்கிவிட்டுத் தாண்டிப் போகும் ஒரு பத்தி. பத்துப் பிராணியைக் கொன்றுவிட்டு வா, கூலி தருகிறேன் என்று யாரோ ஒரு கிழவர் எழுதி வைத்திருப்பார்.

புதிய ஆட்டத்திலோ கிழவர் வாய் திறந்து பேசுவார் என்றார்கள். கிழவர் மட்டுமல்ல, எல்லாரும். வழியில் போகிறவன், கடைக்காரன், எதிரி, எதிரியின் வேலையாள், ஆடுகிறவனின் பாத்திரம், அத்தனைக்கும் குரல். பதிவு செய்த வசனங்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். பொழுதுபோக்குத் துறையிலேயே ஆகப்பெரிய குரல்பதிவு என்று கின்னஸ் பட்டியலில் ஏறியது. எட்டு வகைப் பாத்திரங்கள், எட்டுக்கும் தனித்தனிக் கதை. தாங்கள் அதுவரை செய்த ஆட்டங்களின் கதைகளை எல்லாம் கூட்டினாலும் இதில் உள்ள கதை அதிகம் என்று பயோவேர்காரர்கள் சொன்னார்கள். கதை கேட்டு வளர்ந்த வம்சத்தில் வந்த பையனிடம் இப்படிச் சொல்லலாமா?

“இது சும்மா கேம் இல்ல மாமா. கதை.”

“அப்ப புத்தகம் படிக்கலாமே.”

“புத்தகத்துல நாம என்ன சொல்றோம்னு அவங்க கேக்க மாட்டாங்களே மாமா.”

இந்த விடையின் ஆழத்தை நான் உணர்ந்தாலும், மாமன் என்ற முறையில் ஒத்துக்கொள்ள இயலவில்லை.

எட்டுப் பாத்திரங்களையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். இன்று ஒரு கூலி வேட்டைக்காரன், சில மாதம் கழித்து ஒரு கடத்தல்காரன், பிறகொரு உளவாளி என்று 2010 வரை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அக்காள் மகன் ஒவ்வொன்றையும் கேட்டவுடன் அதுவாகவே ஆவதென்று முடிவெடுத்தான். வருடத்துக்கு ஒரு முறை ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்துவந்த விழாவில் ஒரு முன்னோட்டப் படம் விட்டார்கள். 2009, 2010, 2011 என்று மூன்று படங்கள். சினிமாக்காரர்கள் வெட்கப்படும் தரம். அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து. எங்கள் அப்பா பால்மரம் வெட்டப் பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில் பேரன் எழுந்து முன்னோட்டம் பார்த்தான். குடும்பத்தில் நாலு மணிக்கு அலாரம் வைக்கும் வழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தது, அது மீண்டது.

நிலமும் பொழுதும்

முதற்பொருள் இரண்டு. நிலத்தில் பெரிய சிக்கல் இல்லை. முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமும். கிள்ளான் பட்டணத்திலிருந்து ஜாலான் மேருவில் வடக்கே போனால் முதலில் கடைவீடுகள், பிறகு தமான்கள் என்னும் குடியிருப்புகள், தொழிற்சாலைகள், இடையிடையே விற்காமல் விட்டுவைத்த செம்பனை. வரிசை பிடித்து நிற்கும் மரங்கள் தோட்டமாகுமே அன்றிக் காடாகா என்பாரும் உளர். பாம்பு உண்டு, காட்டுப்பன்றி உண்டு. ஆகவே காடே என்பது என் துணிபு. முல்லைக்குத் தெய்வம் மாயோன். கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருப்பது உலகறிந்தது. இந்தப் பெருமாளை இப்போதைக்கு இங்கேயே விட்டுச் செல்கிறேன். பின்னால் வேலை இருக்கிறது.

பொழுதில்தான் மாட்டிக்கொள்கிறோம். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. தமிழ்நாட்டில் கார் வருடத்துக்கு ஒரு முறை வரும். மேருவில் மாதம் எதுவானாலும் சரி, பிற்பகல் தாண்டினால் வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருந்தால் மேருத் தலைவி அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றிருப்பாள். மறுநாளும் நின்றிருப்பாள். காய்ச்சல் கண்டிருக்கும்.

ஆட்ட நிறுவனங்களோ வெளியீட்டு நாளை வட அமெரிக்காவின் பருவங்களில் சொல்கின்றன. வசந்தத்தில் வரும், இலையுதிர்காலத்தில் வரும் என்பார்கள். மேருவுக்குத் தெரிந்த இலையுதிர்காலம் ஒன்றே ஒன்று. பிப்ரவரி மார்ச் வாக்கில் பால்மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வீட்டில் காசும் குறையும். அமெரிக்க இலையுதிர்காலத்துக்கும் இதற்கும் அரை வருடம் வித்தியாசம். இந்தப் பூமியில் பருவங்கள் வேலைக்காகா என்பது தெளிவு. எனவே மேருவில் காலத்தை அளக்கும் கருவி பெருநாள். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ், பிறகு தைப்பூசம். ஆட்டம் எந்தப் பெருநாளுக்கு வரும் என்பதே இங்கு முறையான கேள்வி. அதைச் சரியாகக் கேட்டவள் அக்காள் ஒருத்திதான்.

பருவம் பொய்த்தல்

2010 பிப்ரவரியில் ஆட்டத்தின் வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் முதலீட்டாளர்களிடம், 2011 வசந்தத்தில் வந்துவிடும் என்றது. தலைவன் காதலியிடம் சொல்லாமல் கடன்காரனிடம் நாள் சொல்வது பழைய பாட்டுகளில் இல்லாத புது நிகழ்வு. போகட்டும். வசந்தம் என்றதும் அக்காளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சீனர்கள் வசந்த விழா கொண்டாடுவது சீனப் பெருநாளில்தானே. 2011இல் அது பிப்ரவரி 3. “ஆங் பாவ் காசு வரும், அத வெச்சு வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டாள். பெருநாள் வந்தது, ஆங் பாவ் வந்தது, மண்டரின் ஆரஞ்சு வந்தது. ஆட்டம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் வரும் என்று பேச்சு மாறியது. மே மாதம், வருடத்தின் பிற்பாதியில் என்றார்கள். பிறகு வருடக் கடைசி விடுமுறைக் காலத்தில் என்றார்கள். ஆகஸ்ட் 30இல் நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வீட்டிலிருந்து ரெண்டாங் வந்தது.

“நோன்புப் பெருநாளுக்கும் வரலியா?”

“இல்லம்மா.”

“ஒரு கேமு வர்றதுக்கு எத்தன பெருநாள்டா பாக்கணும்?”

இங்கே தோழியின் பங்கைக் கவனிக்க வேண்டும். சொன்ன பருவம் வந்தும் தலைவன் வராதபோது, கொன்றை பூத்தும் மழை பெய்தும் எல்லாம் கண்ணெதிரே நடக்கும்போது, இது கார்காலமே இல்லை, காலந்தப்பிப் பெய்த மழை, மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தோழி துணிந்து பொய் சொல்லித் தேற்றுவது சங்க அகப்பாடல்களில் வரும் துறை. அக்காள் மகனுக்குச் சிசியில் ஒரு தோழன் இருந்தான். அவனும் இதையே செய்தான். தள்ளிப்போகவில்லை, மெருகேற்றுகிறார்கள் என்றான். மெருகு என்றால் இன்னும் ஒரு மாதம் என்றான். மாதம் போனது. “வசந்தம்னுதானே மச்சான் சொன்னான்? எந்தக் கிரகத்து வசந்தம்னு சொல்லலையே” என்றான். விண்மீன் மண்டலம் முழுக்கப் பரந்த கதையில் இது சட்டப்படி சரியான வாதம். சங்கத் தோழியரில் எவளும் இத்தனை தூரம் போனதில்லை.

இப்போது பெருமாளிடம் வருவோம். 2011 செப்டம்பர் 24 அன்று லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் வெளியீட்டு நாளைத் திட்டவட்டமாக அறிவித்தார்கள்: டிசம்பர் 20. அந்த செப்டம்பர் 24 சனிக்கிழமை. மாதம் புரட்டாசி. புரட்டாசிச் சனிக்கிழமை கிள்ளான் பெருமாள் கோயிலில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லண்டனில் பகல் என்றால் கிள்ளானில் ஏழு மணி நேரம் முந்தி, மாலை. முல்லைக்குரிய தெய்வம், முல்லைக்குரிய சிறுபொழுது, தெய்வத்துக்குரிய மாதமும் கிழமையும் ஒரு புள்ளியில் கூடின. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் அகத்திணையியல் படித்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கவில்லை என்று நிறுவுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு.

அன்று துளசி மாலையோடு கோயிலிலிருந்து திரும்பிய அக்காள் செய்தியைக் கேட்டு இரு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஆட்டத்துக்காக அல்ல. அந்த வருடம் மகனுக்கு எஸ்பிஎம் தேர்வு. ஆட்டம் சொன்னபடி வசந்தத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தேர்வு முடிந்து, பள்ளி விடுமுறையும் தொடங்கி, பையன் எப்படியும் வீட்டில் வெட்டியாக இருக்கும் டிசம்பர் இருபதுக்கு அதைத் தள்ளிவைத்தது பெருமாளே என்பது அவள் தரப்பு. தள்ளிப்போனதற்குப் பயோவேர் சொன்ன காரணங்களை விட இது கோவையாக இருக்கிறது.

ஒரே வீட்டில் இரு முல்லை

அக்காள் மகனை ஏசிக்கொண்டிருந்த அக்காளும் அதே காலத்தில் ஓர் அறிவியல் புனைகதைக்காக இருந்தவள்தான் என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. ‘எந்திரன்’ படப்பிடிப்பு 2008 பிப்ரவரியில் தொடங்கியது. கதை வசனத்தில் பங்கேற்ற சுஜாதா அதே மாதம் 27ஆம் தேதி மறைந்தார். கமலை வைத்து எடுக்க நினைத்துக் கைவிட்டதை ஷங்கர் ரஜினியை வைத்து எடுத்தார். நடுவில் தயாரிப்பாளர் மாறி சன் பிக்சர்ஸ் வந்தது. 2010 ஜூலை 31 அன்று பாடல் வெளியீட்டு விழாவை நம்மூர்ப் புத்ராஜெயாவில் வைத்தார்கள். அன்றைக்கு அக்காள் மாதிரி எத்தனை பேர் நுழைவுச்சீட்டுக்கு யாரையெல்லாம் பிடித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. பிறகு சில வாரங்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் ஐந்தடிக்கு ஒரு கடையில் எந்திர மனிதனே பாடிக்கொண்டிருந்தான். படம் அக்டோபர் 1இல் வந்தது. ஆக இரண்டரை வருடம். பார்த்து முடிக்க மூன்று மணி நேரம்.

“மூணு மணி நேரப் படத்துக்கு ரெண்டரை வருசமா?” என்று மகன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல அக்காள் எங்கள் பாட்டியை இழுத்தாள். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950இல் தொடங்கி 1954 வரை வந்தது. வாராவாரம். பத்திரிகைக்கட்டு மதராஸிலிருந்து கப்பலேறி, அன்றைக்கு போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, தோட்டத்துக்கு வந்து, லயத்தில் யாராவது எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் உரக்கப் படித்தாக வேண்டும். இங்கே நந்தினி வாயைத் திறப்பதற்குள் அங்கே அவள் பேசி முடித்துவிட்டிருப்பாள். அந்தக் கப்பல் தாமதத்துக்கு இன்று ‘லேக்’ என்று பெயர். பாட்டிக்கு வாரக்கணக்கில் லேக் இருந்திருக்கிறது. ஒருநாளும் சர்வரைத் திட்டியதில்லை.

ஆனால் எல்லாக் காத்திருப்பும் முல்லையாகாது. கோலாலம்பூர்ப் பக்கமிருந்து கிள்ளானுக்கு வரும் எல்ஆர்டி மூன்றாம் தடம் 2020 ஆகஸ்டில் ஓடும் என்றார்கள். 2024 முடிந்தபோதும் ஒரு பயணியையும் ஏற்றவில்லை. தூண்கள் நின்றன, நிலையங்கள் நின்றன, நாங்களும் நின்றோம். இதை இருத்தல் என்று எவரும் சொல்லவில்லை, ஏச்சுதான் கேட்டது. ஏனெனில் அந்த ரயிலுக்கு எட்டு வகைப் பாத்திரங்கள் இல்லை, முன்னோட்டப் படம் இல்லை, அதில் ஏறினால் நாம் நல்லவராவோமா கெட்டவராவோமா என்று யாரும் ஆவலைத் தூண்டவில்லை. ஷா ஆலாம் போவோம், அவ்வளவே. கதை இருந்தால்தான் இருத்தல். இல்லாவிட்டால் அது தாமதம். இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இதுதான். முதலிலேயே சொல்லியிருந்தால் யாரும் இதுவரை படித்திருக்க மாட்டார்கள்.

கருப்பொருளைச் சுருக்கமாகத் தருகிறேன். உணவு, வரகும் சாமையும் நீங்கி, மெகி கோரெங்கும் ஐஸ் மைலோவும். புள், கானக்கோழி நீங்கி மைனா. பறை, தமானுக்குள் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள். தொழில், பதிவிறக்கம். ஆட்டத்தின் கோப்பு 20 கிகாபைட்டுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு எங்கள் தமானில் பலர் வைத்திருந்த ஒரு மெகாபிட் வேகத்தால் வகுத்தால் நாற்பத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். அதுவும் நடுவில் இடி விழாமல் இருந்தால். மேருவில் இடி விழாத நாற்பத்து நாலு மணி நேரத்தை வானிலை ஆய்வாளர்கள் தேடித் தரவேண்டும். அதிவேக யூனிஃபை சேவை 2010 மார்ச்சிலேயே நாட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வரிசைக்கு அது வந்த கதை வேறொரு திணை.

தூதும் கூட்டமும்

டிசம்பர் 20 நெருங்கியபோது ஒரு செய்தி இடியாக விழுந்தது. ஆட்டம் முதலில் வெளியாகும் நாடுகளின் பட்டியலில் வட அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருந்தன. மலேசியா இல்லை. மூன்று வருடம் இருந்தவளிடம் வந்து, தலைவன் வருகிறான், ஆனால் அடுத்த ஊருக்கு என்று சொன்னது போலாயிற்று.

இதற்குத் தமிழ் மரபு கொடுத்த மருந்து தூது. அன்னம், கிளி, மேகம், நெஞ்சு என்று பலவற்றை அனுப்பியிருக்கிறார்கள். அக்காள் மகன் லண்டனில் படித்துக்கொண்டிருந்த தன் சித்தப்பா மகளை அனுப்பினான். அவள் கடைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த குறியீட்டு எண்ணைக் கைப்பேசியில் தட்டி அனுப்பினாள். ஓர் எழுத்து தப்பாக வந்தது. பூஜ்யமா, ஓவா என்று இரவு முழுக்க ஆராய்ச்சி நடந்தது. கடைசியில் பூஜ்யம். தூது சென்ற அன்னங்கள் எதுவும் செய்திக்கு மேல் எண்பது வெள்ளி கூலி கேட்டதாகக் குறிப்பில்லை, இவள் கேட்டாள்.

முன்கூட்டிப் பணம் கட்டிப் பதிந்தவர்களை டிசம்பர் 13 முதல் பகுதி பகுதியாக உள்ளே விட்டார்கள். முன்பதிவு தொடங்கிய ஜூலை 21க்கே பதிந்தவன் முதலில், ஒரு வாரம் தாமதித்தவன் பிறகு. காத்திருந்த காலத்தைக் கணக்கில் எடுத்து இருத்தலுக்கே கூலி கொடுத்த முறை இது, இலக்கணப்படி பாராட்டத்தக்கது. உள்ளே போனவர்கள் மூன்று நாளில் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள் என்று நிறுவனம் சொன்னது.

மேருவில் கூட்டம் நிகழ்ந்தது. கூட்டம் என்றால் அகத்திணைக் கூட்டம். அதை விரித்துரைப்பது மரபன்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். சர்வர் இருந்தது கடலுக்கு அப்பால். பொத்தானை அழுத்திக் கால் வினாடி கழித்து வாள் வீசும். பாட்டி வாரக்கணக்கில் பொறுத்ததை நினைத்து அவனும் பொறுத்தான். 2012 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பக்கம் சர்வர் வைத்தார்கள். ஆனால் அதற்குள் தைப்பூசம் வந்து போயிருந்தது. தைப்பூசத்துக்கு முன்பே அவன் உளவாளியின் கதையை முடித்துவிட்டான்.

மூன்று வருடம் இரண்டு மாதம் காத்திருந்த ஒன்று ஏழு வாரம் தாங்கவில்லை. இதற்காகப் பயோவேரைக் குறை சொல்வது நியாயமில்லை. உளவாளியின் கதை நன்றாகவே இருந்ததாம். சில பாத்திரங்களில் கூட வருகிற துணையைக் கல்யாணமே செய்துகொள்ளலாம் என்றான். “நெசமாவா? என்னா ஜாதி?” என்று அக்காள் கேட்டாள். பிழை வேறெங்கோ இருக்கிறது. மூன்று வருடமும் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் எட்டுக் கதைகளையும் அவனே எழுதிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தோடு போட்டி போட இரண்டு லட்சம் வசனம் போதவில்லை. காரில் தலைவன் தேரோடு வந்து சேர்ந்த பிறகு தலைவி என்ன செய்தாள் என்பதை முல்லைப் பாடல்கள் விரித்துச் சொல்வதில்லை. புலவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

2012 செப்டம்பரில் பயோவேரின் தலைவர்களான இரு மருத்துவர்களும் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்கள். நவம்பர் 13 தீபாவளி. நவம்பர் 15 அன்று ஐம்பதாம் நிலை வரை கதை முழுவதையும் இலவசமாக ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். லண்டனுக்குத் தூது விட்டவனுக்கு அன்று இருந்த முகத்தை நான் பார்த்தேன். அக்காளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “எம்பது வெள்ளிய திருப்பிக் கேளேன்டா” என்று மட்டும் சொன்னாள்.

பெருந்திணைக்குப் போனது

அத்தோடு திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் 2012 அக்டோபரில், கிறிஸ் ராபர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் ‘ஸ்டார் சிட்டிசன்’ என்றொரு பிரபஞ்சத்தைச் செய்யப்போவதாகவும், ரசிகர்களே காசு போட வேண்டும் என்றும் அறிவித்துவிட்டார். 2014 நவம்பரில் தருவதாக முதலில் சொன்னார்கள். 2024இல் திரண்ட தொகை 70 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. ஆட்டத்தின் சோதனை வடிவம் உண்டு, ஆடலாம். முழு வடிவம் வரவில்லை.

இதை முல்லை என்று சொல்ல இலக்கணம் இடம் தராது. முல்லையில் தலைவன் வருவான் என்பது உறுதி. நெய்தலா? இரங்கல் உண்டுதான், கிள்ளான் துறைமுகமும் பக்கத்தில்தான். ஆனால் இரங்குகிறவள் மாதாமாதம் கடலுக்குப் பணம் கட்டுவதில்லை. இந்த ஆட்டத்தில் விண்கலங்களை முன்கூட்டியே விற்கிறார்கள். சில கலங்களின் விலை நூற்றுக்கணக்கான டாலர். அவற்றுள் சில விற்கப்படும்போது வரைபடமாக மட்டுமே இருக்கும். பறக்காது, ஏறி உட்காரவும் முடியாது, செய்த பிறகு தருவார்கள். இதற்கு நேரான நிகழ்வு தமிழில் ஒன்றே ஒன்று. மடலேறுதல். காமம் மிக்கவன் பனங்கருக்கால் குதிரை செய்து, அது ஓடாது என்று தெரிந்தே ஏறி, ஊர் நடுவே வந்து உட்காருவான். தொல்காப்பியரே அதைப் பெருந்திணையில் வைத்துவிட்டார். அக்காள் மகன் வாங்கிய கலத்தையும் அங்கேயே வைக்கிறேன். என்ன விலைக்கு வாங்கினான் என்பது எனக்குத் தெரியும். அக்காளுக்குத் தெரியாது. இக்கட்டுரையை அவள் படிக்க நேர்ந்தால், அது நூறு வெள்ளிக்குள்தான்.

பெருந்திணை ஒருவனைக் கெடுத்துவிடும் என்று அஞ்சியது போல ஒன்றும் நடக்கவில்லை. அவன் இப்போது ஷா ஆலாமில் வேலை பார்க்கிறான், கார்க் கடன் கட்டுகிறான், புரட்டாசியில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். இடையில் ஏதாவது முன்னோட்டம் வந்தால் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் அடிக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். 1956இல் தொடங்கிய துறை அது. சங்க இலக்கியத்தில் பூ, புள், மரம், மீன் எல்லாவற்றையும் எண்ணி முடித்துப் பட்டமும் வாங்கியாகிவிட்டது. புதிய தலைப்பு தேடும் மாணவர்கள் மேருவுக்கு வரலாம். 2003இல் வந்த அந்தப் பழைய ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ ஆட்டத்தைப் புதுக்கித் தருவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். நடுவில் செய்யும் கை மாறியது. இதை எழுதும்வரை வெளிவரவில்லை. எனவே களப்பணிக்கு இன்னும் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறுகளில் வருவது நல்லது, அக்காள் மகன் வீட்டில் இருப்பான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் அக்காள் சமைத்தும் வைப்பாள். ஆட்டம் எப்போது வரும் என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம்.